மருந்துக் கொள்வனவுத் தாள்களைக் கேட்டுப் பெறுவது எப்படி: யாழ்ப்பாணத்தவர்களுக்கான வழிகாட்டி

அரச வைத்தியசாலையின் மருந்தகத்தில் ஒரு மருந்து இல்லாமற்போய், அதை வெளியில் வாங்கும்படி நோயாளியின் கையில் துண்டு ஒன்று கொடுக்கப்படும்போது, அந்தத் துண்டுக்குப் பின்னால் பல மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்ட தாள்களின் வரிசை ஒன்று இருக்கிறது. வருடாந்தத் தேவை மதிப்பீடு, விலைமனுக்கோரல், மதிப்பீட்டு அறிக்கை, கொள்வனவுக் கட்டளை, களஞ்சியப் பதிவேடு என நீளும் அவ்வரிசையில் எங்கோ ஓரிடத்தில் தாமதமோ தவறோ நேர்ந்திருக்கும். அல்லது நிதி உரிய காலத்தில் வந்து சேராதிருந்திருக்கும். எது நடந்தது என்று ஊகித்துப் பேசுவதற்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ உறுப்புரையைச் சேர்த்து, தகவலைப் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியது. அதன் வழியே வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. சுகாதாரத் துறையின் பெறுகைகளைப் (கொள்வனவுகளைப்) பற்றிய தகவல்களை அச்சட்டத்தின் கீழ் யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டுப் பெறுவதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஓர் அடிப்படை விடயம். இச்சட்டம் அலுவலகத்தின் வசமுள்ள பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறதே தவிர, அலுவலகத்தைக் கூண்டில் நிறுத்திக் குறுக்குவிசாரணை செய்யும் உரிமையைத் தருவதில்லை. “இன்சுலின் ஏன் இல்லை?” என்று கேட்டால், “விநியோகத்தில் ஏற்பட்ட தாமதம் காரணமாக” என்ற ஒற்றை வரி பதிலாக வரும், சட்டப்படி அது போதுமான பதில் என்று அவர்கள் வாதிடவும் முடியும். “குறித்த ஆண்டில் இன்சுலின் கேட்டு மருத்துவ வழங்கல் பிரிவுக்கு அனுப்பப்பட்ட கடிதங்களின் பிரதிகளைத் தருக” என்று கேட்டாலோ, அக்கடிதங்கள் ஒன்றில் இருக்க வேண்டும், அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும். இரண்டுமே பயனுள்ள பதில்கள். சட்டத்தின் 43ஆம் பிரிவு தகவல் என்பதற்குள் ஒப்பந்தங்கள், அறிக்கைகள், கடிதத் தொடர்புகள், சுற்றறிக்கைகள், பதிவுப் புத்தகங்கள், மின்னஞ்சல்கள், கணினிப் பதிவுகள், மாதிரிகள் ஆகிய அனைத்தையும் அடக்கியிருப்பதால், பெயர் சொல்லி ஒரு தாளைக் கேட்பவரின் நிலை எப்போதும் உறுதியானது.

எந்தத் தாள் எந்த அலுவலகத்தில்

யாழ்ப்பாணத்தில் விண்ணப்பங்கள் வழிதவறுவதற்கு முதற் காரணம், வைத்தியசாலைகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதாக எண்ணுவதாகும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள மத்திய சுகாதார அமைச்சின் கீழ் நேரடியாக இயங்குகிறது. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகளும் கிராமப்புறப் பிரதேச வைத்தியசாலைகளும் வடக்கு மாகாணச் சுகாதார நிர்வாகத்தின் கீழ், யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையினூடாக நிர்வகிக்கப்படுகின்றன. ஆகவே போதனா வைத்தியசாலையின் கொள்வனவுகள் பற்றிய விண்ணப்பம் அவ்வைத்தியசாலையின் தகவல் உத்தியோகத்தருக்கும் (இச்சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பங்களைக் கையாள நியமிக்கப்பட்டவர்), ஆதார வைத்தியசாலையொன்றின் கொள்வனவுகள் பற்றிய விண்ணப்பம் அவ்வைத்தியசாலைக்கோ பிராந்தியப் பணிமனைக்கோ செல்ல வேண்டும். மாகாண சபைக்கு 2018 ஒக்டோபருக்குப் பின் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாது போனாலும் அதன் திணைக்களங்கள் இச்சட்டத்தின் பார்வையில் பகிரங்க அதிகாரசபைகளாகவே இருக்கின்றன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சபையில் கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத காலத்தில் குடிமக்களின் விண்ணப்பத்துக்குப் பெறுமதி கூடுகிறது என்றே கூறுவேன்.

மருந்தின் பாதை அதோடு முடிவதில்லை. வைத்தியசாலைகள் தமது வருடாந்தத் தேவையை மதிப்பிட்டு அனுப்ப, கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு நாட்டின் மொத்தத் தேவையைத் தொகுக்கிறது. அதற்கான கொள்வனவைப் பெரும்பாலும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் (ஒசுசல விற்பனை நிலையங்களை நடத்துவதும் இதுவே) விலைமனுக் கோரி மேற்கொள்கிறது. அம்மருந்துகளின் பதிவு, பதிவு செய்யப்படாத மருந்தை விசேட அனுமதியில் இறக்குமதி செய்தல், தரப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருப்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. மத்திய வழங்கல் தவறும்போது வைத்தியசாலையோ பிராந்தியப் பணிமனையோ உள்ளூர்க் கொள்வனவு செய்கிறது. எனவே ஒரே மருந்தைப் பற்றிய தாள்கள் நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். தேவை மதிப்பீடும் இருப்புப் பதிவும் வைத்தியசாலையில் இருக்கும். கட்டளை மருத்துவ வழங்கல் பிரிவில் இருக்கும். விலைமனுக்களும் மதிப்பீட்டு அறிக்கையும் கூட்டுத்தாபனத்தில் இருக்கும். பதிவுச் சான்றிதழோ பதிவிலிருந்து விலக்களிக்கும் கடிதமோ அதிகாரசபையில் இருக்கும். இவற்றையெல்லாம் ஒரே விண்ணப்பத்தில் வைத்தியசாலையிடம் கேட்டுவிட்டு, “எம்மிடம் இல்லை” என்ற பதிலைப் பெற்று மனம் சோர்வது வீண்.

தரமற்ற இமியூனோகுளோபுலின் என்ற ஊசிமருந்து பற்றி 2023இல் எழுந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரின் கைது வரை சென்ற விவகாரம், இந்தத் தாள்களின் முக்கியத்துவத்தை நாட்டுக்கே காட்டியது. அவசரக் கொள்வனவு, பதிவு விலக்களிப்பு, தரச் சான்றிதழ் என்ற சொற்கள் அதன் பின்னரே செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழக்கமாயின. ஒரு கொள்வனவு வழமையான முறையில் நடந்ததா, அவசரம் என்ற காரணத்தைக் காட்டி நடந்ததா என்பதே பெரும்பாலும் முதலிற் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதை அவ்விவகாரம் உணர்த்துகிறது.

விண்ணப்பிக்க முன்னர்

இலங்கைப் பிரசை எவரும் விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்ட உறவினர் ஒருவர், தாம் அன்பளிப்புச் செய்த இயந்திரத்துக்கு என்ன நடந்தது என்று ரொறன்ரோவிலிருந்து நேரடியாகக் கேட்க முடியாது. ஊரிலுள்ள சகோதரர் கேட்கலாம். அங்கத்தவர்களில் முக்காற்பங்கினருக்குக் குறையாதோர் பிரசைகளாக உள்ள அமைப்பொன்றும் பிரசை என்ற வரையறைக்குள் அடங்குவதால், ஊர்ச் சனசமூக நிலையமோ நோயாளர் நலன்புரிச் சங்கமோ தன் பெயரிலேயே விண்ணப்பிக்க முடியும். தனியாள் பெயரில் கேட்கத் தயங்குவோருக்கு இது நல்ல வழி. யாழ்ப்பாணம் போன்ற இடத்தில் அலுவலகத்தில் இருப்பவர் ஒன்றில் உறவினராகவோ பாடசாலைத் தோழராகவோ இருக்கக்கூடும் என்பதால், “தம்பி, இதை ஏன் கேக்கிறியள்?” என்று தொலைபேசி அழைப்பு வருவதும் உண்டு. மரியாதையாகப் பதில் சொல்லலாம். ஆனால் காரணம் கூறக் கடமை இல்லை என்று சட்டத்தின் 24ஆம் பிரிவே கூறுகிறது.

அன்பளிப்பு இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புலம்பெயர்ந்தோர் வழங்கிய ஆய்வுகூட இயந்திரமொன்று இலவசமாக வந்திருக்கலாம். ஆனால் அதற்குரிய இரசாயனப் பதார்த்தங்களை ஒரே நிறுவனத்திடமிருந்து மட்டுமே வாங்க முடியுமாயின், அதன் உண்மையான செலவு ஆண்டுதோறும் நடைபெறும் அக்கொள்வனவிலேயே ஒளிந்திருக்கிறது. இயந்திரம் பதியப்பட்ட பொருட்பதிவேட்டின் பக்கம், பராமரிப்பு ஒப்பந்தம், இரசாயனப் பதார்த்தங்களுக்கான கொள்வனவுக் கட்டளைகள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேட்பது பயன் தரும்.

விண்ணப்பத்துக்கு முன், ஏற்கனவே வெளியானவற்றைத் தேடிப் பார்ப்பதும் அவசியம். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. சுகாதார அமைச்சு, கூட்டுத்தாபனம், மாகாண சபை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளில் காலாவதியான மருந்துகள், தாமதமான வழங்கல்கள், அறவிடப்படாத தாமதக் கட்டணங்கள் பற்றிய பந்திகள் இருக்கும். அத்தகைய பந்தியொன்றின் ஆண்டையும் இலக்கத்தையும் குறிப்பிட்டு, அது தொடர்பாக அலுவலகம் கணக்காய்வுக்கு அளித்த பதிலைக் கேட்டால், அப்படியொரு கோவை இல்லை என்று கூறுவது எவருக்கும் எளிதாக இராது.

விண்ணப்பத்தை எழுதுதல்

ஆர்.ரி.ஐ. (தகவலுக்கான உரிமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 01 என்ற படிவம் உண்டு. ஆனால் அது கட்டாயமில்லை, சாதாரணக் கடிதமே போதும். எழுத இயலாதவர் வாய்மூலம் கேட்டால், தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருள், ஒரு காலப்பகுதி, ஓர் அலுவலகம் என்ற எல்லையை மீறாதிருப்பது நல்லது. “கடந்த பத்து ஆண்டுகளின் சகல கொள்வனவுகளும்” என்று கேட்பவர் அலுவலகத்துக்குக் காலநீடிப்பைத் தானே வலிந்து கொடுக்கிறார். மருந்தின் வர்த்தகப் பெயரைத் தவிர்த்து, அதன் பொதுப் பெயரையும் வலுவையும் எழுத வேண்டும். மருத்துவ வழங்கல் பிரிவு ஒவ்வொரு பொருளுக்கும் வழங்கியுள்ள எஸ்.ஆர். இலக்கம் தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். களஞ்சியத்தில் அவ்விலக்கமே பெயரைவிட விரைவாக வேலை செய்யும்.

ஆதார வைத்தியசாலையொன்றுக்கு எழுதப்படும் விண்ணப்பத்தின் உடற்பகுதி இவ்வாறு அமையலாம்:

“2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் பின்வரும் ஆவணங்களின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளைக் கோருகிறேன். 2024 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை, கரையும் இன்சுலின் ஊசிமருந்து தொடர்பாக:
1. வைத்தியசாலையின் வருடாந்தத் தேவை மதிப்பீட்டில் இம்மருந்துக்குரிய பக்கம்.
2. மாதாந்த இருப்பையும் வழங்கலையும் காட்டும் களஞ்சியப் பதிவேட்டுப் பக்கங்கள் அல்லது கணினிப் பதிவின் அச்சுப்பிரதி.
3. இருப்பு முடிவடைந்தமை அல்லது குறைந்தமை பற்றி மேலதிகாரிகளுக்கும் மருத்துவ வழங்கல் பிரிவுக்கும் அனுப்பப்பட்ட கடிதங்களும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும்.
4. உள்ளூர்க் கொள்வனவு நடைபெற்றிருப்பின், விலைகோரல் கடிதம், விலைமனுத் திறப்புப் பதிவு, மதிப்பீட்டு அறிக்கை, பெறுகைக் குழுவின் தீர்மானம், கொள்வனவுக் கட்டளை, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் குறிப்பிடப்பட்ட பொருள் பெறுகைச் சிட்டை, கொடுப்பனவு உறுதிச்சீட்டு.
மேற்கூறியவற்றில் எதுவும் தங்கள் வசம் இல்லாவிடின், அதை எழுத்தில் அறியத் தருவதுடன், அது உள்ள அலுவலகத்துக்கு இவ்விண்ணப்பத்தை அனுப்பிவைக்குமாறும் வேண்டுகிறேன்.”

நோயாளிகளின் பெயரோ சிகிச்சை விபரமோ எங்கும் இடம்பெறக் கூடாது. ஒருவருடைய மருத்துவப் பதிவு அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வழங்கப்படாது என்று 5ஆம் பிரிவு கூறுகிறது, அது நியாயமானதும்கூட. எத்தனை நோயாளிகளுக்கு வெளியில் வாங்கத் துண்டு கொடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கையைக் கேட்பதில் தடையேதும் இல்லை, அப்படியொரு பதிவு பேணப்பட்டிருந்தால்.

எந்த விதிகளின் கீழ் கொள்வனவு நடந்தது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை வழிகாட்டல்களுடன் மருந்துகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் எனத் தனி வழிகாட்டல் ஒன்றும் அதே ஆண்டில் வெளியானது. 2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய கொள்வனவைப் புதிய விதியால் அளக்க முனைந்து, ஒரு வரியிலேயே மறுக்கப்படுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

கையளித்தல், கட்டணம், காலம்

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் ஆர்.ரி.ஐ. 02 ஏற்புக் கடிதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். தகவல் உத்தியோகத்தர் எவரும் நியமிக்கப்படவில்லை என்று சொல்லப்பட்டால் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துவர வேண்டியதில்லை; அந்த நிலையில் நிறுவனத் தலைவரே தகவல் உத்தியோகத்தராகக் கருதப்படுவார். கொழும்பு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதற்கு இடமளிக்கிறது. ஆனால் கூட்டுத்தாபனத்தின் விலைமனு ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், அவை இருக்கும் மொழியிலேயே பெற்று ஊரில் விளங்கிக்கொள்வது காலத்தை மிச்சப்படுத்தும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017 பெப்ரவரியில் வர்த்தமானியில் வெளியான கட்டண விதிகளின்படி, ஏ4 தாளில் ஒரு பக்கப் போட்டோப் பிரதிக்கு 2 ரூபா. முதல் நான்கு பக்கங்கள் இலவசம். நாற்பது பக்கங்களுக்கு 72 ரூபாதான். மின்னஞ்சலில் பெறுவதற்குக் கட்டணம் இல்லை. கோவைகள் பெரியனவாயின், பிரதிகளைக் கேட்பதற்கு முன் அவற்றை நேரில் பார்வையிடக் கேட்பதே சிறந்த வழி. முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், பின்னர் மணித்தியாலத்துக்கு 50 ரூபா. பார்வையிடும்போது தேவையான பக்கங்களின் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு அவற்றின் பிரதிகளை மட்டும் கேட்கலாம். களஞ்சியப் பதிவேட்டைத் தானே புரட்டிப் பார்ப்பவர், கேட்கவே எண்ணியிராத ஒன்றை அடுத்த பக்கத்தில் காண்பதுண்டு.

தகவல் வழங்கப்படுமா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். வழங்குவதெனத் தீர்மானித்தால், கட்டணம் செலுத்தியதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். தகவலின் அளவு பெரிதெனின், காரணம் கூறி மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம். சனி, ஞாயிறும் நோன்மதி உட்பட்ட பொது விடுமுறைகளும் வேலை நாட்களல்ல என்பதால் நாட்காட்டியைப் பார்த்தே எண்ண வேண்டும். ஒருவரின் உயிருடனோ தனிப்பட்ட சுதந்திரத்துடனோ தொடர்புடைய தகவலுக்கு 48 மணித்தியால எல்லை உண்டு. அதைச் சாதாரணக் கொள்வனவு விண்ணப்பங்களில் எழுதுவது, உண்மையான அவசரத்தில் அதைக் கேட்க வருபவரின் வழியை அடைக்கும்.

மறுப்புகளும் அவற்றுக்கான பதில்களும்

அதிகம் கேட்கப்போகும் மறுப்பு, வர்த்தக இரகசியம் என்பதாகும். சட்டத்தின் 5(1)(ஈ) பிரிவு, வெளியிடுவது மூன்றாந் தரப்பினரின் போட்டி நிலைக்கு ஊறு விளைவிக்கும் என்ற நிலையிலேயே அதை அனுமதிக்கிறது. பெரும் பொதுநலன் இருப்பின் அதுவும் பொருந்தாது. பொதுப் பணத்தில் வாங்கப்பட்ட மருந்தின் அலகு விலை, வெற்றி பெற்ற நிறுவனத்தின் பெயர், மற்றையோர் நிராகரிக்கப்பட்ட காரணம் ஆகியன, ஒப்பந்தம் வழங்கப்பட்டு முடிந்த பின்னர், எவருடைய போட்டி நிலைக்கும் பெரிதாக ஊறு செய்யப்போவதில்லை என்று வாதிட இடமுண்டு. உற்பத்திச் சூத்திரம், நிறுவனத்தின் உள்ளகச் செலவுக் கணக்கு போன்றவை வேறு. அவற்றை நீக்கிவிட்டு ஏனையவற்றைத் தருமாறு 6ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். விலைமனு இன்னும் மதிப்பீட்டில் இருக்கும்போது விண்ணப்பிப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. அப்போது மறுப்பதற்கு அலுவலகத்திடம் நியாயமான காரணம் இருக்கும். ஒப்பந்தம் வழங்கப்படும்வரை பொறுப்பது புத்திசாலித்தனம்.

நிறுவனத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லப்படலாம். வழங்கப்பட்ட வேளையிலேயே இரகசியமாகக் கருதப்பட்ட தகவலுக்கு மட்டுமே 29ஆம் பிரிவின் அந்த நடைமுறை பொருந்தும். ஒரு வாரத்துக்குள் நிறுவனத்துக்கு அறிவித்து, ஏழு நாட்களுக்குள் பதில் பெற வேண்டும். நிறுவனம் பதிலளிக்காவிட்டால் தகவலை வழங்க வேண்டும். நிறுவனம் மறுத்தாலும் பொதுநலன் கருதி வெளியிடும்படி ஆணைக்குழு பணிக்க முடியும். பெறுகை விதிகளின்படி மதிப்பீட்டு அறிக்கை இரகசியமானது என்ற பதில் வந்தால், வேறு எழுதப்பட்ட சட்டங்களுடன் முரண்படும் இடத்திலும் தகவலுக்கான உரிமைச் சட்டமே மேலோங்கும் என்று 4ஆம் பிரிவு கூறுவதைச் சுட்டிக்காட்டலாம். வழிகாட்டல்கள் சட்டத்தைவிடக் கீழானவை.

கோவையைக் காணவில்லை என்ற பதில் இன்னொன்று. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் உருவான பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. கேட்கப்பட்ட தகவலை வேண்டுமென்றே அழிப்பது குற்றம். 50,000 ரூபா வரை தண்டப்பணமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். இதை முதற் கடிதத்திலேயே எழுதி மிரட்டுவது அழகல்ல. பல வேளைகளில் கோவை உண்மையிலேயே வேறொரு பிரிவின் மேசையில் இருக்கும்.

மேன்முறையீடு

மறுப்பு, காலந்தாழ்த்தல், அரைகுறையான அல்லது பிழையான தகவல், மிகையான கட்டணம், கேட்ட வடிவில் தர மறுத்தல் ஆகிய எதற்கும் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஆர்.ரி.ஐ. 10 படிவம் அதற்குரியது. அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு கூற வேண்டும். முடிவு திருப்தியளிக்காவிட்டாலோ முடிவே வராவிட்டாலோ, இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். முதல் விண்ணப்பம், ஏற்புக் கடிதம், பதில்கள், தபாற் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளைத் திகதி வரிசையில் இணைத்து, எந்த இலக்கக் கோரிக்கைக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதினால் போதுமானது. தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். ஆணைக்குழு காணொளி மூலமும் விசாரணைகளை நடத்தியிருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும் என்று பயந்து இந்தப் படியைக் கைவிட வேண்டியதில்லை. ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லலாம். நிறுவனங்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கிடைத்த தாள்களை வாசித்தல்

முதலில் திகதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசைப்படுத்த வேண்டும்: தேவை அறிவிக்கப்பட்ட நாள், விலைகோரிய நாள், கட்டளையிட்ட நாள், பொருள் வந்த நாள், பணம் செலுத்திய நாள். இடைவெளி எங்கே நீள்கிறதோ அங்கேதான் அடுத்த விண்ணப்பத்தின் கேள்வி இருக்கிறது. தேவை அறிவித்ததற்கும் கட்டளைக்கும் இடையே மாதங்கள் கடந்திருந்தால் கேள்வி கொழும்பை நோக்கியது. பொருள் வந்தும் வழங்கப்படாதிருந்தால் வைத்தியசாலையை நோக்கியது. பணம் செலுத்தப்படாததால் வழங்குநர் நிறுத்தியிருந்தால் நிதி விடுவிப்பை நோக்கியது. மருந்தகத்தில் நிற்கும் மருந்தாளரையோ களஞ்சியப் பொறுப்பாளரையோ குற்றஞ்சாட்டுவதற்கு முன் இதைச் செய்வது கட்டாயம். அவர்கள் எழுதிய நினைவூட்டற் கடிதங்கள்தான் பெரும்பாலும் அக்கோவையில் இருக்கும்.

அடுத்து விலை. உள்ளூர்க் கொள்வனவின் அலகு விலையை அதே காலத்து மத்திய கொள்வனவின் அலகு விலையுடன் ஒப்பிடும்போது, வலு, பொதியின் அளவு, உற்பத்தி நாடு ஆகியவை ஒன்றா என்று பார்க்க வேண்டும். சிறிய அளவில் அவசரமாக வாங்கும்போது விலை கூடுவது இயல்பு. ஒரே வழங்குநரிடம் அவசரம் என்ற காரணத்தின் பேரில் மீண்டும் மீண்டும் வாங்கப்பட்டிருந்தால், ஏனைய நிறுவனங்களுக்கு விலைகோரல் அனுப்பப்பட்டதா என்பதற்குரிய தபாற் பதிவையோ மின்னஞ்சலையோ கேட்க வேண்டும். தொகுதி இலக்கத்தை, பாவனையிலிருந்து மீளப்பெறும்படி மருத்துவ வழங்கல் பிரிவு விடுத்த சுற்றறிக்கைகளுடன் ஒப்பிட்டால், மீளப்பெறப்பட்ட தொகுதிக்குரிய பணம் வழங்குநரிடமிருந்து அறவிடப்பட்டதா என்ற கேள்வியும் பிறக்கும்.

முறைகேடு இருப்பதாகத் தாள்கள் காட்டுமாயின், அவற்றின் பிரதிகளைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கு அனுப்பலாம். கூட்டுத்தாபனம் பற்றியதெனின் பாராளுமன்றத்தின் கோப் குழுவுக்கும் (அரசாங்க பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு), அமைச்சு அல்லது மாகாண சபை பற்றியதெனின் கோபா குழுவுக்கும் (அரசாங்க கணக்குகள் பற்றிய குழு) அனுப்பலாம். அனுப்பும்போது மூலப் பிரதிகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, உறுதிப்படுத்தல் முத்திரை தெளிவாகத் தெரியும்படி எடுத்த போட்டோப் பிரதிகளையே இணைக்க வேண்டும்.